பெருங்காய டப்பாவில் இருந்த முடிவுகள்

என் சிறுவயதில் கொலைகாரர்கள் எல்லோரும் பெருங்காய வாசனையோடுதான் பிடிபட்டார்கள். பம்பாய் மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த பழைய கட்டடத்தில், துப்பறியும் நாவல்களின் கடைசிப் பக்கங்கள் தனியே கிழிக்கப்பட்டு, முதல் 'மாலா'வில் இருந்த விசாலம் மாமியின் சமையலறை அலமாரியில், மொத்தக் கடையில் வாங்கிய பெரிய பெருங்காய டப்பா ஒன்றில் அடைபட்டுக் கிடந்ததுதான் அதற்குக் காரணம். எங்களுக்கு மாடி என்றால் 'மாலா', மாடிப்படி என்றால் 'ஜீனா'. வாசற்படிக்கு உள்ளே பாலக்காட்டுத் தமிழ், 'ஜீனா'வில் கால் வைத்தால் பம்பாய் இந்தி என்று வளர்ந்தவள் நான்.

இதெல்லாம் இப்போது ஞாபகத்துக்கு வரக் காரணம், செம்பூரில் எங்கள் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் போட்ட கேள்வி. புதிதாக வந்த க்ரைம் நாவலோ துப்பறியும் சீரியலோ ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். பதில்கள் மளமளவென்று வந்தன. நட்சத்திரங்கள், கைதட்டல் படங்கள், 'கடைசி எபிசோடில் ஆடிப்போய்விடுவீர்கள்' என்ற உத்தரவாதங்கள். அதில் பாதியை நானும் அம்மாவும் பார்த்தாயிற்று. இந்தக் காலத்துத் துப்பறிவாளர்கள் எல்லோருக்கும் ஒரு சோகமும் ஒரு விவாகரத்தும் இருக்கின்றன, பாதிக் கதைகள் பனி கொட்டும் ஊரில் நடக்கின்றன. இவ்வளவு பனியில் எவன் மெனக்கெட்டுக் கொலை பண்ணுவான், ஸ்வெட்டரைப் போட்டுண்டு கிளம்பறதுக்குள்ளே கோபம் ஆறிப் போயிடாதோ என்பது அம்மாவின் சந்தேகம். நானும் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கேட்டவர் யார், எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் ஒரு புத்தகத்தை எப்படிச் சிபாரிசு செய்வது?

எங்கள் காலத்தில் மாதநாவல்கள் மதராஸ் ரயிலில் வந்து சேரும். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே தாராவிக்காரர் ஒருவர் பத்திரிகைக் கடை போட்டிருந்தார், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவருக்குப் படிக்க நேரம் கிடையாது, ஆனாலும் சிபாரிசு செய்யாமல் விடமாட்டார். "மாமி, இந்த மாசம் ரெண்டு கொல இருக்கு, கொண்டு போங்க" என்பார், தேங்காய்க்காரர் இளநீரில் வழுக்கை இருக்கிறது என்று சொல்வதைப் போல. ஆபீஸிலிருந்து திரும்பும் விசாலம் மாமி அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். கோட்டைப் பக்கம் ஏதோ கம்பெனியில் ஸ்டெனோ வேலை அவளுக்கு. கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்க்கும் வழக்கம் உண்டு. அந்தப் பார்வைக்கு எங்கள் கட்டடத்து ஆண்களே கொஞ்சம் நடுங்குவார்கள்.

ஒரே புத்தகம் வீடு வீடாகச் சுற்றும். கீழ் வீட்டுக்காரர் ஒருவர் தான் படித்து முடித்ததும் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரைப் பென்சிலால் எழுதி அனுப்புவதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருந்தார். கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்தானே என்று சிரிப்பார். அதற்கு மாமி கண்டுபிடித்த வைத்தியம்தான் இந்தக் கிழித்தல். புத்தகம் வந்த அன்றே கடைசிப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, எந்தக் கதையினுடையது என்று ஒரு துண்டுச் சீட்டை ஊக்கால் குத்தி டப்பாவில் போட்டுவிடுவாள். மீதியைப் படித்தவர்கள் மாமி வீட்டுக்கு நேரில் போய், யார் செய்தது, ஏன் என்று தங்கள் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். மாமி ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் கேட்டுக்கொண்டு, டப்பாவைத் திறந்து முடிவை எடுத்துக் கொடுப்பாள். தீர்ப்புச் சொல்லாதவர்களுக்கு முடிவு கிடையாது. ஆபீஸர்கள்கூட அந்தச் சமையலறை வாசலில் நின்று, தோட்டக்காரன்மேல் தங்களுக்கு ஏன் சந்தேகம் என்று விளக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் அப்பா ஆபீஸில் மாரடைப்பில் போனார். வருஷம் திரும்பும்வரை வாசற்படி தாண்டக்கூடாது என்று உறவுக்காரப் பெண்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு ரயிலேறினார்கள். அவர்கள் சொல்லியிருக்கவே வேண்டாம், அம்மாவுக்கே வெளியே வர மனமில்லை. காய்கறி நான் வாங்கினேன், பால் வாசலுக்கு வந்தது. ராத்திரி பகல் என்றில்லாமல் புத்தகம் படித்தவள், ஒரு பத்திரிகையைக்கூடத் தொடவில்லை. அம்மாவின் அண்ணா ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, வாசலுக்கே வராதவள் இந்த ஊரில் எப்படிக் குடித்தனம் நடத்துவாள் என்று கேட்டார். பரீட்சை முடிந்ததும் வீட்டைக் காலி செய்து எங்களைப் பாலக்காட்டுக்கு அழைத்துப் போவதாக முடிவாயிற்று. என் பள்ளிக்கூடம், என் சிநேகிதிகள், 'ஜீனா'வில் விளையாடிய சாயங்காலங்கள் எல்லாம் போய்விடும். அதைவிட, அந்த அண்ணா வீட்டுச் சமையலறையில் அம்மா காலம் முழுக்க அடங்கி உட்கார்ந்திருப்பாள் என்பது அந்த வயதிலும் எனக்குப் புரிந்திருந்தது.

அப்போதுதான் மாமி என்னைக் கூப்பிட்டு ஒரு நாவலைக் கொடுத்து அனுப்பினாள். பணக்கார வீட்டில் கொலை. ஒரு டாக்டர், ஒரு தம்பி, ஒரு செவிலி. அம்மா அதை மிக்சிமேல் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். சில நாள் அது அங்கேயே கிடந்தது. ஒரு மத்தியானம் நான் பள்ளி விட்டு வந்தபோது, அடுப்பில் சாம்பார் பொங்கி வழிய, அம்மா நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் நான் அடுப்பை அணைக்கக்கூட மறந்துபோனேன்.

மறுநாளே முடிவை வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினாள். மாமி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"ஆளை அனுப்பினாத் தரமாட்டேன், கேட்டியா. ரூல்னா எல்லாருக்கும் ரூல். அவளே வந்து சொல்லட்டும்."

இதை வந்து சொன்னதும் அம்மாவின் முகம் சிவந்தது. தனக்கு ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றாள். ஆனால் தோசைக்கு மாவு கரைக்கும்போது, அந்த டாக்டர் கையுறையை ஏன் கார்லயே விட்டுட்டுப் போனான் என்று தானாகப் பேசினாள். துணி மடிக்கும்போது அந்தச் செவிலியைச் சந்தேகப்பட்டாள். இப்படியே போய், ஒரு சாயங்காலம் தலையை வாரிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி வாசற்படியைத் தாண்டினாள். இரண்டாவது 'மாலா'விலிருந்து முதல் 'மாலா'வுக்கு இறங்குவதற்குள் அவள் உள்ளங்கை வியர்த்து நனைந்துவிட்டது. எதிரே வந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். மாமியின் சமையலறை வாசலில் நின்று, கேட்டும் கேட்காததுமாக அம்மா சொன்னாள்: "தம்பிதான் மாமி. டாக்டர் பாவம், அசடு."

மாமி வழக்கம்போல டப்பாவைத் திறந்தாள். முடிவை வாங்கிக்கொண்டு திரும்பினோம். 'ஜீனா'வின் நடுவில் விளக்கடியில் அம்மா கொஞ்சம் நின்றாள். மூச்சு வாங்குகிறது போலும் என்று நான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது வேறு கதையின் முடிவு. கொலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கப்பல் கேப்டனை விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கைது செய்துகொண்டிருந்தார்கள். அப்பா போன பிறகு அம்மா சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி இறங்கிப் போனாள். மாமி, கண்ணு அவிஞ்சு போச்சு ராஜி என்று அம்மாவிடம் சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டு, காபி கொடுத்து உட்காரவைத்துப் பேசி, சரியான முடிவைக் கொடுத்தாள். அடுத்த புத்தகத்திலும் இதே குளறுபடி நடந்தது, அதற்கடுத்ததிலும். ஊக்கும் சீட்டும் குத்திப் பத்திரமாக வைத்திருந்த டப்பாவில் எப்படி மாறும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கட்டடத்தில் வேறு யாருக்கும் முடிவு மாறிப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அம்மா தினம் இறங்கிப் போவது பழக்கமாயிற்று, பிறகு மாமியுடன் மார்க்கெட் வரை, கோயில் வரை. மாமிதான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் ஆள் வேண்டுமாம் என்று சொல்லிக் கையோடு அழைத்துப் போனாள். பரீட்சை முடிந்து எங்களை அழைத்துப் போக வந்த அம்மாவின் அண்ணா, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, அம்மா வேலை முடிந்து திரும்பும்வரை 'ஜீனா'விலேயே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனியாகத்தான் ஊர் திரும்பினார்.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. இடித்து, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற டவர் கட்டியிருக்கிறார்கள். அதில் 'ஜீனா' எங்கே இருக்கிறது என்று குடியிருப்பவர்களுக்கே தெரியாது. பத்திரிகைக் கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் தொங்குகிறது. மாமி டோம்பிவிலிக்குக் குடிபோய், அங்கேயே காலமானாள். டப்பா என்ன ஆயிற்றோ. இன்றைய சீரியல்களில் ஓர் எபிசோட் முடிந்த கையோடு அடுத்தது தானாக ஓடுகிறது. முடிவுக்காக யாரும் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. என் பெண் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், அவளுக்கு இந்தக் கதையை இந்தி கலந்துதான் சொல்ல முடிந்தது.

சொல்லும்போது அம்மாவும் பக்கத்தில் இருந்தாள். இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்ததை அன்று கேட்டேவிட்டேன்: மாமி வேண்டுமென்றேதான் முடிவை மாற்றிக் கொடுத்தாளோ?

"பின்னே?" என்றாள் அம்மா. "சீட்டுதான் குத்தியிருக்கே. 'ஜீனா' விளக்குல நின்னு பார்த்தேனே, வேற கதைன்னு அப்பவே தெரிஞ்சுது."

"அப்போ உடனே திரும்பிப் போய் மாத்திண்டிருக்கலாமேம்மா?"

"மாத்திண்டா, மறுநாள் கீழே போறதுக்கு எனக்கு என்னடி காரணம் இருக்கும்?"

சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். குழுவில் கேட்டவருக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. எங்கே குடியிருக்கிறீர்கள், சாயங்காலம் இந்தப் பக்கம் வந்து போக முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும்.