அண்ணாவின் பெயரில் ஒரு டாங்கோ

அந்தக் கிழவர் ஆர்ஜென்டீனாக்காரர். பியானோ வாசிப்பார், சொந்தமாக இசையமைப்பார். தன் நாட்டுக் கிராமத்துப் பாட்டையும் டாங்கோவையும் ஜாஸோடு கலந்து வாசிக்கும்போது எது எங்கே முடிகிறதென்று பிடிபடாது. யாழ்ப்பாணத்தில் கர்நாடக சங்கீதம் படித்த என்னைத் தன் குழுவில் வயலினுக்குச் சேர்த்துக்கொண்டார். ரொறன்ரோவில் வேறு யாரும் என்னை அப்படி நம்பிக் கூப்பிட்டதில்லை. அதனால்தான் அவர் மேல் இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

யுத்தம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த மே மாதம், வன்னியில் இருந்த அண்ணாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் அப்பார்ட்மென்டில் அம்மா தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சமைத்தார். செத்தவர்களுக்கான அந்தியேட்டிச் சடங்கைச் செய்துவிடலாம் என்று வாயெடுத்த மாமாவோடு அன்றோடு பேச்சை நிறுத்தினார்.

இதையெல்லாம் கிழவரிடம் சொன்னேன். அவருக்கு விளங்கும் என்று நினைத்தேன். அவருடைய அக்காவை அந்த நாட்டு இராணுவம் பிடித்துக்கொண்டு போய் முப்பது வருஷத்துக்கு மேல், ஒரு தகவலும் இல்லை. மகளுக்காக மாதா கோயிலில் ஆன்மசாந்திப் பூசை ஒப்புக்கொடுக்க அவருடைய தாய் சாகும்வரை விடவில்லையாம்.

இலையுதிர்காலத்தில் புதிதாக ஒன்று எழுதிக்கொண்டு வந்தார். முழுக்க வயலின்தான். பெயர் இன்னும் வைக்கவில்லை என்றார். கச்சேரியன்று மேடைக்குப் போகுமுன் தந்த நிகழ்ச்சித்தாளில்தான் பார்த்தேன். அண்ணாவின் பெயர், அதற்குக் கீழே 'நினைவாக' என்று ஆங்கிலத்தில். நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஒரு பிசகில்லாமல், அதற்கு முன்னும் பின்னும் வாசிக்காத மாதிரி வாசித்தேன். சனம் எழும்பி நின்று கைதட்டியது.

பிறகு அவரிடம் கேட்டேன். அக்காவுக்கு எழுத இத்தனை வருஷமாகத் தனக்குக் கை வரவில்லை, உன் அண்ணாவுக்கென்று நினைத்ததும் வந்துவிட்டது என்றார். கண் கலங்கியிருந்தது. தன் வீட்டுச் சாவை என் வீட்டில் இறக்கிவைத்துவிட்டு அழுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதோடு அவரிடம் போவதை விட்டுவிட்டேன்.

கீழ்மாடி அன்ரியின் மகள் அந்தக் கச்சேரிக்கு வந்திருந்தாள். நிகழ்ச்சித்தாளை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அன்ரி வந்தார். அண்ணாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தபடி கொஞ்சநேரம் இருந்தார், தேத்தண்ணி வேண்டாமென்றார், பிறகு பேசாமல் எழும்பி நடந்தார். செத்தவீட்டில் மட்டும்தான் எங்கள் ஆட்கள் 'போயிட்டு வாறன்' சொல்லாமல் வெளிக்கிடுவார்கள்.

அம்மா கதவைச் சாத்தாமல் என்னைப் பார்த்தார்.

"அன்ரி சொல்லாமல் போறா. நீ அவவுக்கு என்ன சொன்னனீ?"

நான் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது பொய்யில்லை. நான் வாசித்தேன், அவ்வளவுதான்.