ஏஞ்சல் சிஸ்டரின் வாய்

ஏஞ்சல் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்களை யாராவது கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை வார்டில் அவள் நர்ஸ். அங்கே பிள்ளையைச் சேர்த்தவர்களில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் வீடு திரும்பியவர் ஒருவரும் இல்லை. செருப்போடு உள்ளே வந்தால் திட்டு. கை கழுவாமல் பிள்ளையைத் தொட்டால் திட்டு. கண்ணாடிக்கு வெளியே நின்று மூக்கை உறிஞ்சி அழுதால் அதற்கும் ஒரு திட்டு தனியாக உண்டு.

திருப்புட்குழிப் பக்கம் பிறந்தவள். அவள் அம்மா எல்லம்மாள் ஊரார் வயலில் நடவு நட்டே மகளைப் படிக்க வைத்தாள். கூலி கேட்கப் போனால் வாசலுக்கு வெளியே நிற்க வைத்துத்தான் பேசுவார்கள். அம்மா குனிந்து நின்று பதில் சொல்லுவாள். பக்கத்தில் நின்று பார்த்த பெண்ணுக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும். நாம் எவனிடமும் குனிந்து பேசக் கூடாது என்று அன்றைக்கு முடிவு பண்ணியதுதான், கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை. கணவன் கிறிஸ்டோபர் ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். பாவம், வீட்டில் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போகப் பழகிவிட்டான்.

ஆனால் வார்டில் அவள் திட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகள் மூச்சு விட மறந்துபோகும். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும். மானிட்டர் கத்தும். உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினால் திடுக்கிட்டு மறுபடி மூச்சை இழுக்க ஆரம்பிக்கும். மூளைக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. பெரும்பாலும் வளர வளரச் சரியாகிவிடும். இதை டாக்டர் கலியாணசுந்தரம் தேன் ஒழுகச் சொல்லுவார். "ஒண்ணும் இல்லப்பா, பயப்படாதீங்க" என்று தோளைத் தட்டுவார். கேட்டவர்கள் வெளியே வந்து கதறுவார்கள். பெரிய டாக்டர் இவ்வளவு தன்மையாகப் பேசினால் காரியம் கைமீறிவிட்டது என்றுதானே அர்த்தம்? இதைப் பல வருஷமாகப் பார்த்துச் சலித்தவள் ஏஞ்சல். சாகப்போகிற பிள்ளையின் தகப்பனை எவளாவது திட்டுவாளா? நான் திட்டினால் பிள்ளை பிழைத்துக்கிடக்கிறது என்று அவர்களுக்கே விளங்கிவிடும். இதுதான் அவள் வாதம்.

உதயகுமாரிடம் இந்த வாதம் எடுபடவில்லை.

அவன் பட்டுத் தறி நெய்கிறவன். கல்யாணமாகி வெகுகாலம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு மனைவி துர்காதேவிக்குப் பெண் பிறந்தது, அதுவும் அவசரப்பட்டு முன்னாலேயே. முதல் நாள் அவன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த நேரம், சனியன் பிடித்த நேரம், ஏஞ்சல் அந்தப் பிஞ்சுக் காலைச் சுண்டிக்கொண்டிருந்தாள். அவன் போனை எடுத்துப் படம் பிடித்தபடியே உள்ளே வந்துவிட்டான்.

"இன்னாம்மா, பச்சக் கொழந்தையைப் போட்டு அடிக்கிறே? மனுஷிதானா நீ?"

"அடிக்கல, எழுப்புறேன். கண்ணு இருந்தா மானிட்டரைப் பாரு."

"நீ யாரு, எந்த ஊரு? எங்க வூட்டுப் பொண்ணு மேல கை வெக்கிறே?"

எந்த ஊர் என்று அவன் கேட்டது ஊரை அல்ல என்று அவளுக்குத் தெரியும். எல்லம்மாளை வாசலில் நிற்க வைத்தவர்கள் கேட்கிற கேள்விதான் அது. 

"கை வெக்கத்தான் எனக்குச் சம்பளம். வெக்கலன்னா உன் பொண்ணு நீலம் பாரிச்சிடும். செருப்போட நிக்கிறே, வெளிய போ."

அந்த வீடியோ அவன் தெரு முழுக்கப் போயிற்று. கொலைகாரி என்று ஒருவர், வேலையை விட்டுத் தூக்கணும் என்று இன்னொருவர். மூச்சைத் தூண்டுகிற மருந்து காப்பியில் இருக்கிற சரக்குதான் என்று டாக்டர் விளக்கப்போக, பச்சைக் குழந்தைக்குக் காப்பி ஊற்றுகிறார்கள் என்று அதையும் பரப்பிவிட்டான். ஏஞ்சலுக்கு அவனைக் கண்டாலே எரிந்தது. அவனுக்கும் அப்படியே. கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று இருவரும் முறைத்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் அந்தக் குழந்தை எதையும் கண்டுகொள்ளாமல் தன் பாட்டுக்கு மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை பால் கொடுக்க வந்த துர்காதேவி முந்தானையால் குழந்தையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏஞ்சல் விலக்கிப் பார்த்தாள். குழந்தையின் மேலுதட்டில், மூக்குக்கு நேர் கீழே, ஒற்றைப் பட்டு இழை எச்சிலால் ஒட்டியிருந்தது. மூச்சுக்கு அதன் நுனி ஆடிக்கொண்டிருந்தது.

"இது இன்னாது?"

"அவருதான் குடுத்தாரு சிஸ்டர். இழை ஆடினா மூச்சு இருக்குதுன்னு அர்த்தமாம். மெஷினை நம்பமாட்டேன்றாரு."

மயிரை விட மெல்லிசான இழை. ஒரு இழுப்பில் மூக்குக்குள் போனால் யார் எடுப்பது? பக்குவமாக உரித்தெடுத்துக் குப்பையில் எறிந்தாள்.

"உங்க பொண்ணு இன்னா தறியா, இழை கட்டி ஓட்டுறதுக்கு? புத்தி எங்கே போச்சு ரெண்டு பேருக்கும்?"

துர்காதேவி அழுதாள். "அது ஆடுறதைப் பார்த்தாத்தான் எனக்கு உசுரு வருது சிஸ்டர்."

அந்த வார்த்தை ஏஞ்சலை எங்கேயோ தைத்தது. இருந்தாலும் திட்டியது திட்டியதுதான், பாதியில் நிறுத்தவில்லை.

விஷயம் போய்ச் சேர்ந்ததும் உதயகுமார் வந்துவிட்டான். இனி ஒரு நிமிஷம் இங்கே வைக்க மாட்டேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்ணை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்று நின்றான். கலியாணசுந்தரம் தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். அவர் சொல்லச் சொல்ல இவன் பிடிவாதம்தான் ஏறியது. ஏஞ்சலுக்கு மட்டும் அந்த வீடு கண்முன் தெரிந்தது. அங்கே மானிட்டர் இருக்காது. எல்லாரும் அசந்து தூங்குவார்கள். உதட்டில் ஒட்டிய இழை ஆடாமல் நிற்கும், நின்றதை யாரும் பார்க்க மாட்டார்கள். இவன் மேல் இருக்கிற வெறுப்புக்கு அந்தக் குழந்தை என்ன பண்ணும்?

"எடுத்துக்கினு போப்பா, யாரு வேணான்னாங்க? வூட்ல நீதானே பார்க்கப் போறே? அதுக்கு முன்னாடி சட்டையைக் கழட்டிட்டு கொஞ்ச நேரம் நெஞ்சுல போட்டுக்கினு உக்காரு. நான் பார்க்கணும்."

அவன் அதுவரை தன் பெண்ணைத் தூக்கியதே இல்லை. மறுக்கப்போனவன் குழந்தையைப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றினான். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தான். ஒயர்களோடு சேர்த்துக் குழந்தையை அவன் வெறும் நெஞ்சில் கவிழ்த்துப் போர்த்திவிட்டு ஏஞ்சல் பக்கத்திலேயே நின்றாள். குழந்தை ஒரு பூனைக்குட்டி கனம்கூட இல்லை. அவன் அசையாமல் கிடந்தான். முகத்தில் இருந்த விறைப்பு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது மானிட்டர் கத்தியது.

நெஞ்சின் மேல் இருந்த அந்தச் சின்ன அசைவு நின்றதை அவனே உணர்ந்தான். "ஏம்மா, நின்னுடுச்சு" என்றான். ஏஞ்சலின் விரல் குழந்தையின் பாதம்வரை போய்விட்டது. அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

"சுண்டு."

"நானா?"

"உள்ளங்கால்ல. சுண்டு."

அறுந்த பட்டிழையை முடிகிறவனைப் போல அவன் அத்தனை மெதுவாகத் தொட்டான். ஒன்றும் நடக்கவில்லை. குழந்தையின் உதடு கறுக்க ஆரம்பித்தது.

"இது பட்டு இல்லய்யா. பலமா."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுண்டினான். குழந்தை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வீறிட்டது. மானிட்டரில் எண் ஏறியது. ஏஞ்சல் ஒரு நாளும் அவ்வளவு பலமாகச் சுண்டியதில்லை. இழை பிரிக்க அவன் வளர்த்திருந்த நகம் பட்டு உள்ளங்காலில் சிவப்பாக ஒரு கீறல் விழுந்திருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் குழந்தை மேல் இருந்தது.

ஏஞ்சல் ஒன்றும் பேசவில்லை. பேச முடியவில்லை. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அவளே சுண்டியிருப்பாள். அந்த நொடி வரைக்கும் பொறுத்திருந்தவள் இப்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் வாய் மூடியிருப்பதை அவன் இதுவரை கண்டதில்லை. அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"ஏம்மா, ஏன் பேசாம நிக்கிறே? கொழந்தைக்கு எதனா ஆயிடுச்சா?"

இல்லை என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்போ திட்டும்மா" என்றான், குரல் உடைந்து. "எதனா திட்டு."

ஏஞ்சல் கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"கழுத்தை மடக்கிப் புடிச்சிக்கினு இருக்கியே, அறிவு இருக்குதா உனக்கு? நிமிர்த்து. போர்வை இன்னா தோள்ல தொங்குது? இழுத்து மூடு."

அவன் குழந்தையின் கழுத்தை நிமிர்த்தினான். போர்வையை இழுத்து மூடினான். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விட்டான். கையெழுத்துப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, வீடியோவையும் அழிக்கவில்லை. நேரமாகி ஏஞ்சல் குழந்தையைத் திருப்பி வாங்கும்போது, "நாளைக்கு டூட்டி யாரு?" என்று மட்டும் முறைப்பாகக் கேட்டான்.

"நான்தான். ஏன், இன்னொரு வீடியோ எடுக்கணுமா?"

"வரேன்."

"வா. நகத்தை வெட்டிக்கினு வா."