மாரிக்கு முந்தி ஒரு யன்னல்

கதவு செய்யிற ஓடாவியைச் சனம் சும்மா விட்டிடும். யன்னல் செய்யிறவனுக்குத்தான் ஊரே சேந்து தொழில் பழக்கும். கதவெண்டால் போறதும் வாறதும்தான், அதிலை கதைக்க ஒண்டுமில்லை. யன்னலெண்டால் காத்து, வெளிச்சம், மழை, கள்ளன், கண்ணூறு, பக்கத்து வீடு எண்டு ஆயிரம் ஞாயம் வரும். நீங்களும் தையலோ, சலூனோ, சைக்கிள் திருத்தமோ எண்டு சனத்தோடை மாரடிக்கிற ஆளெண்டால் நான் சொல்லுறது உங்களுக்கு விளங்கும். விளங்காத ஆக்கள் போன பிறப்பிலை புண்ணியம் செய்தவை.

தொண்ணூறிலை சண்டை திரும்பத் தொடங்கின பிறகு எங்கடை பக்கம் கறண்டும் இல்லை, சாமான் தடையாலை கண்ணாடியும் வாறேல்லை. வட்டுக்கோட்டையிலை வீட்டோடை சேந்த கொட்டில்தான் என்ரை பட்டறை. வீட்டுக்குள்ளை மனிசி தவமணி தையல். மாரி தொடங்கினால் தூவானம் அடிக்குமெண்டு மர யன்னலைச் சாத்த வேணும். சாத்தினால் உள்ளுக்கை கும்மிருட்டு. விளக்கு வைச்சுத் தைக்க மண்ணெண்ணெய்க்கு எங்கை போறது? தீபாவளிச் சட்டையளோ மாரியோடைதான் வந்து குவியும். அதாலை, மழைக்கு முந்தி மெசினுக்குப் பக்கத்திலை கண்ணாடி போட்ட யன்னல் ஒண்டு வேணுமெண்டு அவ கேட்டா. கலியாணம் கட்டின நாளிலை இருந்து என்னட்டை வாய் திறந்து கேட்ட ஒரே சாமான் அதுதான்.

நானும் ரோசத்தோடை வெளிக்கிட்டன். கொடிகாமத்திலை பூட்டிக் கிடந்த கடைக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடி, நாலடிக்கு மூண்டடியிலை ஒரு கண்ணாடி காசு குடுத்து வேண்டினன். வைக்கோல் சுத்திச் சைக்கிளிலை கட்டி, ஏறாமல் இருபது மைலுக்கு மேலை உருட்டிக்கொண்டே வந்தன். செருப்பு அறுந்தது, கண்ணாடியிலை ஒரு கீறல் விழேல்லை. கட்டிலுக்குக் கீழை வைச்சு நிமிரேல்லை, ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு.

பாக்காமல் பாக்கிற யன்னல்

முதலாவதா வந்தவ பின்வளவுப் பொன்னம்மாக்கா. அவவுக்கு ஒரு விசித்திரமான யன்னல் வேணும். எப்பவும் சாத்தினபடி இருக்க வேணுமாம், ஆனால் பக்கத்து வீட்டு முற்றம் முழுக்கத் தெரிய வேணுமாம். அங்கை நிண்டு பாத்தால் இஞ்சை ஒண்டும் தெரியக்கூடாதாம். கண்ணாடிக்கு ஆர் உள்ளுக்கை, ஆர் வெளியிலை எண்டு பிரிச்சுப் பாக்கத் தெரியாதக்கா எண்டு சொல்லிப் பாத்தன். கதிரையிலை குந்தினவ, தேத்தண்ணியையும் தொடாமல், எழும்பவும் மாட்டன் எண்டிட்டா. இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வராது. அது என்ரை பிறவி வியாதி.

கடைசியிலை ஒரு சாண் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, யன்னலின்ரை மரக் கதவிலை அவவின்ரை கண்ணுக்கு நேரை பூட்டிக் குடுத்தன். வெளியிலை நிண்டு பாத்தால் பலகைக்கு நடுவிலை இரண்டு கண் மட்டும் முழிச்சுக்கொண்டு நிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கண்டால் சண்டைக்கு வரமாட்டினமோ எண்டு கேட்டன்.

"நான் ஏன் தம்பி அவையைப் பாக்கிறன்? அவை என்ன செய்யினம் எண்டு தெரிஞ்சால்தானே பாக்காமல் இருக்கலாம்."

மண்ணுக்குள்ளை யன்னல்

அடுத்ததா வந்தவர் ஸ்டேசன் மாஸ்டராய் இருந்து இளைப்பாறினவர். குண்டுக்குப் பதுங்க வெட்டின பங்கருக்குள்ளை எங்கடை ஒழுங்கையிலையே திறமானது அவரின்ரைதான். மாமரத்துக்குக் கீழை ஆழமாக் கிண்டி, பனங்குத்தி அடுக்கி, மேலை மண் மூட்டை போட்டு, படியும் வைச்சவர். என்ன பிரச்சினையெண்டால், குண்டு போடப் பொம்மர் வந்தால் அவரின்ரை மனிசி உள்ளுக்கை இறங்கமாட்டா. யன்னல் இல்லாத அறையிலை பிறந்ததுக்கு இருந்ததில்லை எண்டு முற்றத்திலையே நிண்டிடுவா. அவவைத் தனிய விட மனம் வராமல் இவரும் பக்கத்திலை நிப்பார். கட்டின பங்கருக்குள்ளை அவையின்ரை நாய் மட்டும் பத்திரமாய் இருக்கும்.

பங்கருக்கு ஒரு யன்னல் செய்து தா எண்டு மனிசன் கேட்டார். மாஸ்டர், நாலு பக்கமும் மண், யன்னலைத் திறந்தால் மண்தான் வரும் எண்டன். அப்ப திறக்காத யன்னலாச் செய் எண்டார். ஒரு பக்கம் தீபாவளிச் சட்டை, மற்றப் பக்கம் இரண்டு உயிர். நான் வேறை என்ன செய்யிறது? வெட்டினன். சட்டம் அடிச்சு, கண்ணாடி பூட்டி, வடிவுக்குக் கொண்டியும் வைச்சன்.

அந்த அம்மா உடனை திரைச்சீலை தைக்கக் குடுக்க எங்கடை வீட்டுக்கே வந்திட்டா. எந்த யன்னலுக்கு எண்டு தவமணி கேட்டா. அவ விளக்கமாச் சொன்னா. தவமணி என்னைப் பாத்தபடியே அந்தச் சீலை முழுக்கத் தைச்சு முடிச்சா. ஒரு கிழமை கழிச்சு நான் போய்ப் பாக்க, பொம்மர் வராத நேரத்திலையும் மாஸ்டரின்ரை மனிசி பங்கருக்குள்ளை கதிரை போட்டு இருந்தா.

"வெளிச்சம் வராட்டிலும் குறையில்லைத் தம்பி. ஒரு மண்புழு காலமை இப்பிடிப் போகும், பின்னேரம் அப்பிடி வரும். நல்ல பொழுதுபோக்கு."

படத்துக்கு மட்டும்

மிஞ்சினது இரண்டடிக்கு மூண்டடி. அதைத் தொட்டால் கையை முறிப்பன் எண்டு தவமணி சொல்லிப் போட்டா. அப்பதான் வெங்காயத் தோட்டக்காரக் கந்தையர் வந்தார். கனடாவிலை இருக்கிற மகன் தன்ரை வீட்டுப் படம் அனுப்பியிருந்தான். வெளியிலை பனி கொட்டிக் கிடக்கு, யன்னல் முழுக்க ஒரே கண்ணாடி. எங்கடை புது வீட்டுக்கும் உப்பிடிப் போட்டாச்சோ எண்டு கேட்டு எழுதியிருந்தானாம். இவரும் ஓம், போட்டாச்சு எண்டு பதில் எழுதிப்போட்டார். இப்ப அவன் படம் கேக்கிறான். கண்ணாடியை அரை மணித்தியாலம் இரவல் தா, படம் பிடிச்ச உடனை கழட்டித் தாறன் எண்டார்.

இரவல்தானே எண்டு கொண்டு போனன். குடும்பம் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னாலை வேர்த்து ஒழுக ஒழுக நிண்டு சிரிச்சுது. ஸ்டூடியோக்காரன் படத்தை எடுத்திட்டுச் சரியெண்டான். சரியெண்ட சந்தோசத்திலை, நான் கழட்டி முடியமுதல் கந்தையர் முதுகிலை தட்டினார். என்ரை முதுகிலை இல்லை, யன்னலின்ரை முதுகிலை. கண்ணாடி நொறுங்கி, சிலேட்டளவு துண்டொண்டு மட்டும் முழுசாய்க் கையிலை நிண்டுது. எனக்கு அழுகையே வந்திட்டுது. அந்தாள் என்ரை தோளிலை கையைப் போட்டு ஆறுதல் சொன்னார்.

"படத்திலை உடையேல்லைத்தானே."

ஆரின்ரையோ நாரி

அண்டைக்கே முதல் மழை விழுந்தது. தவமணிக்குத் தெரியாமல் சிலேட்டுத் துண்டை மரத்தூளுக்குள்ளை ஒளிச்சுப்போட்டு, ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிற ஒருத்தரைப் பிடிச்சு, ஆரும் எடுக்காமல் கிடந்த பெரிய இடுப்பு எக்ஸ்ரே படம் ஒண்டு கண்ணாடிக்குப் பதிலாய் வேண்டிக்கொண்டு வந்தன். சவர்க்காரத் தண்ணியிலை ஒரு இரவு முழுக்க ஊறப்போட்டும் எலும்பு போகேல்லை. பரவாயில்லையெண்டு அப்பிடியே யன்னலிலை அடிச்சன். அறைக்குள்ளை பிணநீல வெளிச்சம். சட்டைக்கு அளவு குடுக்க வந்த பொம்பிளையள் யன்னலைப் பாத்திட்டு, பிறகு வாறம் எண்டு போயிட்டினம். தவமணி கத்தரிக்கோலைக் கையிலை எடுத்தா. துணி வெட்டத்தான் எண்டு நினைக்கிறன்.

அந்த நேரம் பாத்து, தைக்கக் குடுத்த சேட்டை எடுக்க வந்த முன்வீட்டுச் செல்லையாண்ணை, யன்னலுக்குக் கிட்டப் போய், தலையைச் சரிச்சுச் சரிச்சு நெடுநேரம் பாத்தார். பிறகு தன்ரை இடுப்பைத் தடவிப் பாத்தார்.

"உது என்ரை நாரிதான் தம்பி. கழட்டிப் போடாதை, மனிசியைக் கூட்டிக்கொண்டு வாறன். நான் வேலைக் கள்ளத்திலை நாரி நோகுது எண்டு சொல்லுறன் எண்டுதான் அவ இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருக்கிறா."

ஊசிக்கு நேரை

மனிசி மழைக்குள்ளை வரமாட்டன் எண்டதாலை, செல்லையாண்ணை எக்ஸ்ரேயைக் கழட்டிக் கையோடை கொண்டு போயிட்டார். வெளியிலை மழை ஊத்துது. மேசையிலை பதினேழு சட்டைத் துணி வெட்டினபடி கிடக்கு, தீபாவளிக்கு ஐஞ்சு நாள். மர யன்னலைச் சாத்திப்போட்டு, தவமணி இருட்டுக்குள்ளை மெசினிலை கையை வைச்சபடி சும்மா இருந்தா. எனக்கு வெக்கமாப் போச்சு. ஊருக்கு நல்லவன் எண்டு பேரெடுக்கப் போய், கேட்ட ஒருத்திக்கு ஒண்டும் குடுக்காமல் விட்டிட்டன்.

பட்டறைக்குப் போய் மரத்தூளைக் கிண்டி, அந்தத் துண்டைக் கொண்டு வந்து, இவ்வளவுதான் மிச்சம் எண்டு நீட்டினன். அவ வேண்டித் தன்ரை சீலைத் தலைப்பாலை துடைச்சா. கழுத்திலை கிடந்த நாடாவை எடுத்து நிலத்திலை இருந்து மெசின் ஊசி வரைக்கும் அளந்தா. பிறகு அதே உயரத்திலை, சாத்தின யன்னல் பலகையிலை, துணிக்குக் கோடு போடுற சோக்காலை ஒரு சின்னச் சதுரம் கீறி, இதிலை வெட்டுங்கோ எண்டா. நான் வெட்டிப் பூட்டினன். சதுரமாய் ஒரு வெளிச்சம் வந்து நேரை ஊசிக்குக் கீழை விழுந்தது. அறை முழுக்க இருட்டு, ஊசி மட்டும் மினுங்கிச்சு. அவ ஒரு சட்டைக் கை முழுக்க மூட்டி முடிச்சுப்போட்டுத்தான் நிமிர்ந்தா.

"நான் கேட்டது இவ்வளவுந்தான். மிச்சக் கண்ணாடி முழுக்க உங்கடை பெருமைக்கு வேண்டினது."

அளவு நாடாவைக் கழுத்திலை போட்டுக்கொண்டு ஒருத்தி வீட்டுக்குள்ளையே இருக்க, எந்த யன்னல் எவ்வளவு வேணுமெண்டு நான் ஏன் ஊரெல்லாம் அளந்து திரிஞ்சன் எண்டது எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.