சனிக்கிழமை எண்ணெய்

சின்னதாக ஒரு கடை வைக்கலாமா என்று யாராவது யோசனை கேட்டால், நான் முதலில் போர்டைப் பற்றித்தான் பேசுகிறேன். போர்டில் எழுதப்போகிற பெயரை உங்களை முன்பின் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள், "இந்தக் கடையில் என்ன கிடைக்கும்?" என்று கேளுங்கள், அவர் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டு அப்புறம் பெயின்ட் வாங்குங்கள் என்கிறேன். வந்தவர்கள் தலையாட்டிவிட்டு வாடகைப் பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போனோம்.

என் மூத்த மகள் சத்தியவேட்டுப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பல வருஷம் ஷிப்டு பார்த்தவள். நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். பிச்சாட்டூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த கொட்டகையில் மோட்டார் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டப்போவதாகச் சொன்னாள். கடை திருப்பதியில்.

"இன்னாத்துக்கு இந்த வயசுல?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"இந்த வயசுலயாவது நான் செய்யற பொருளு என் பேர்ல போவட்டும்மா" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சம்பளம் தொழிற்சாலையிலேயே வந்துகொண்டிருந்தது.

நான் சித்தூர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். வருகிற வண்டி, போகிற வண்டி, இறங்குகிற தலை என்று எண்ணியே பழகிவிட்டது. எதையாவது எண்ணாமல் உட்கார்ந்தால் எனக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். திருச்சானூர் போகும் சாலையில் ஒரு கடை வாடகைக்கு இருப்பதாகத் தெரிந்ததும், எதிர்ப்பக்கத்து டீக்கடையில் போய் உட்கார்ந்து எண்ணினேன். கூட்டம் நிறைய இருக்கிறதே என்று கடை எடுத்து ஏமாந்தவர்கள் திருப்பதியில் ஏராளம். பெட்டியும் மூட்டையுமாகப் போகிறவன் மலைக்குப் போகிறவன். அவன் எண்ணெய் வாங்கமாட்டான். கையில் துணிப்பையோடு போகிறவர்களை மட்டும் எண்ண வேண்டும். அந்தச் சாலையில் துணிப்பைகள் போதுமான அளவுக்கு இருந்தன. அந்தக் கணக்கில் இன்றைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெயர் வைத்தது வீட்டில், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. எங்கள் பக்கத்தில் பேச்சு தமிழில் கிளம்பித் தெலுங்கில் போய் முடியும். எது எந்த மொழி என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. நல்லெண்ணெய் என்று எழுதினால் திருப்பதிக்காரர்கள் வாயில் நுழையாது. எண்ணெய்க்குத் தெலுங்கில் நூனெ. அப்படியானால் 'நல்ல நூனெ' என்று வைப்போம் என்றாள் மகள். அவள் அம்மா சரி என்றாள். நானும் சரி என்றேன். மஞ்சள் பலகையில் பச்சைத் தெலுங்கு எழுத்தில் எழுதி மாட்டினோம்.

தெலுங்கில் 'நல்ல' என்றால் கறுப்பு. இது எங்களுக்குத் தெரியாத சமாசாரம் இல்லை. நான் தெலுங்கு மீடியத்தில் படித்தவன். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை 'நல்ல பல்ல' என்று சொல்லித்தான் வளர்ந்தேன். ஆனால் எண்ணெய்க்கு முன்னால் அந்தச் சொல் வந்தவுடன் எங்கள் வீட்டில் எல்லார் காதும் தமிழுக்குத் தாவிவிட்டது. தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் யாரையாவது கேட்டு எழுதியிருப்பார்கள். தெலுங்கு மட்டும் தெரிந்தவர்கள் கனவிலும் எழுதமாட்டார்கள். இரண்டும் தெரிந்த எங்களுக்குத்தான் அந்தத் தவறு செய்ய வாய்த்தது.

முதல் வாரத்திலேயே ஓர் ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "பண்டிக்கி வேசேதா?" என்று கேட்டார். வண்டிக்கு ஊற்றுவதா என்று. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு கடை தள்ளி ஒரு பைக் மெக்கானிக் இருந்தார். அதனால்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டோம். அந்த மெக்கானிக்கும், "அக்கா, என் கஸ்டமருங்க எல்லாம் உன்கிட்ட வந்துக்கினு இருக்காங்க, கமிஷன் குடு" என்று கேலி செய்துவிட்டுப் போனார். அவராவது போர்டைச் சுட்டிக் காட்டியிருக்கலாம். கறுப்பு எள்ளில் ஆட்டியதைத்தான் அப்படி எழுதியிருக்கிறோம் என்று நினைத்தாராம். பிற்பாடு சொன்னார்.

வியாபாரம் இல்லாமல் இல்லை. எந்தக் கிழமையில் எத்தனை பாட்டில் போகிறது என்று எண்ணிக்கொண்டே வந்தேன். சனிக்கிழமை மட்டும், மற்ற நாளெல்லாம் சேர்ந்து விற்கிற அளவுக்கு விற்றது. எங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்கவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். போதாததற்குத் திருப்பதியில் சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாள், தெருவெல்லாம் ஜனம். ஆகவே மகள் சனிக்கிழமைச் சலுகை என்று அச்சடித்து ஒட்டினாள். வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டாள். கைக்கு அடக்கமான சின்ன பாட்டில்களை வாசலிலேயே அடுக்கினாள். விற்பனை இன்னும் ஏறியது.

"கடை புடிச்சிக்கிச்சு நைனா" என்றாள்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சின்ன பாட்டில் வாங்கினவர்கள் யாரும் அடுத்த முறை லிட்டர் பாட்டில் வாங்கவில்லை. மறுபடியும் சின்னதுதான். சாப்பிடுகிற பொருளில் இது நல்ல குறி அல்ல. ருசி பிடித்தால் அளவு கூட வேண்டும். "ருசியில ஏதாவது குறை இருக்குமா?" என்று மெல்லக் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "தினம் மூணு வேளை இதைத்தானே ஊத்திக்கினு துன்ற? உனக்குத் தெரியலியா?" என்றாள். எண்ணெய் நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை தவறாமல் வருகிற ஓர் அம்மாள் இருந்தார். பக்கத்துத் தெருக்காரர், நல்ல மாதிரி. ஒருநாள் மகள் அவரிடம், "அக்கா, இட்லிப் பொடிக்கு ஊத்திப் பாத்தீங்களா? எப்படி இருக்குது?" என்று தெலுங்கில் விசாரித்தாள். அந்த அம்மாள் பாட்டிலைப் பிடித்திருந்த கையைச் சட்டென்று தள்ளி நீட்டிக்கொண்டார்.

"அய்யோ, இதி சனி தீபானிக்கி கதம்மா! இண்ட்லோ எவரு திண்டாரு?"

இது சனீஸ்வரனுக்கு விளக்கு ஏற்றத்தானே, வீட்டில் யார் சாப்பிடுவார்கள் என்கிறார். கறுப்பு எண்ணெய், சனிக்கிழமைச் சலுகை, கைக்கு அடக்கமான பாட்டில். அவர் அப்படி நினைத்ததில் என்ன தப்பு? திரி கருகாமல் நின்று எரிகிறது, புகையே இல்லை என்று பாராட்டவும் செய்தார். இந்த இடத்துக்கே 'சனி நூனெ அங்கடி' என்றுதான் பேர், ஆட்டோவில் அப்படிச் சொன்னால் இங்கே இறக்கிவிடுகிறார்கள் என்றார்.

அவர் போனபின் மகள் சாலையில் இறங்கி நின்று போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். நானும் போய் நின்றேன். "நல்ல பல்ல மாதிரி, நைனா" என்றாள்.

அந்த வாரமே போர்டை மாற்றினோம். நல்லெண்ணெய்க்குத் தெலுங்குக்காரர்கள் சொல்கிற பேர் ஒன்று இருக்கிறது: மஞ்சி நூனெ. அதையே எழுதினோம். சலுகையை வியாழக்கிழமைக்குத் தள்ளினோம். சனிக்கிழமை பழைய ஆட்கள் வந்து, "இங்க இருந்த சனி கடை எங்க போச்சு?" என்று எங்களையே கேட்டுவிட்டு, அதே சின்ன பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார்கள். வியாழக்கிழமை ஈ ஓட்டினோம். பலகையில் ஒரு பெயரை அழித்து எழுத அரைநாள் போதும். ஊர் வாயில் இருப்பதை எதைக் கொண்டு அழிப்பது?

சின்ன பாட்டில் வியாபாரத்தில் அந்த வாடகைக்குத் தாக்குப்பிடிக்க முடியாது. நிலையாக டின் கணக்கில் வாங்குகிற ஒருவர் வந்தால் கடை நிற்கும், இல்லாவிட்டால் கல்யாண சீசனோடு மூடிவிட வேண்டியதுதான் என்று மகளே சொல்லியிருந்தாள். மெக்கானிக் தனக்குத் தெரிந்த ஒரு கல்யாணச் சமையல் கான்ட்ராக்டரை அழைத்து வந்தார். அவர் எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தார், விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். புளியோதரைக்கு இதுதான் சரி என்று சொல்லிவிட்டு இரண்டு டின் எடுத்துப் போனார். மகள் அன்றைக்கு எனக்கும் மெக்கானிக்குக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் டின்கள் மூடி திறக்காமல் திரும்பி வந்தன.

"நூனெ பாகுந்தம்மா" என்றார் கான்ட்ராக்டர், முகத்தைப் பார்க்காமல். "பேரே பாகலேது." எண்ணெய் நன்றாக இருக்கிறது, பேர்தான் நன்றாக இல்லை. எங்கே வாங்கினாய் என்று கல்யாண வீட்டு அம்மாள் கேட்டாராம். இடத்தைச் சொன்னதும், முகூர்த்தச் சமையலுக்குச் சனி எண்ணெயா என்று எழுந்துவிட்டாராம்.

"பேர மாத்திட்டோமே அண்ணா. மேல பாருங்க."

"நான் பாத்தேம்மா. அவங்க பாக்கலியே."

"உங்க ஊட்டுக் கல்யாணமா இருந்தா வாங்குவீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "எங்க அம்மா ஒத்துக்க மாட்டாங்க" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். போகும்போது, நாயுடுபேட்டையில் ஒரு மொத்த வியாபாரி இருக்கிறார், பேர் போடாமல் டின்னில் கொடுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையைக் காலி செய்தோம். இப்போது எங்கள் எண்ணெய் நாயுடுபேட்டைக்குப் போகிறது. கடை வைத்திருந்தபோது வந்ததைவிடப் பணம் அதிகம்தான் வருகிறது. யாராவது அதைச் சொல்லி எங்களுக்கு ஆறுதல் சொன்னால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. போன மாதத்திலிருந்து அந்த வியாபாரி பாட்டிலாகவே கேட்கிறார். தன் கம்பெனிப் பேர் போட்ட லேபிள்களைச் சுருள் சுருளாக அனுப்பிவிடுகிறார், நாங்களே ஒட்டித் தர வேண்டும். சாயங்காலத்தில் கொட்டகையில் உட்கார்ந்து மகளும் நானும் ஒட்டுகிறோம். லேபிளில் எல்லா வரியையும் படித்துப் பார்த்துவிட்டேன். செக்கு யாருடையது, ஊர் எது என்று எங்கும் இல்லை.

நேற்று நான் ஒட்டியதில் ஒன்று கோணலாக விழுந்தது. மகள் வாங்கி உரித்துவிட்டு மறுபடி நேராக ஒட்டினாள்.

"அவன் பேர்தானே, எப்படி இருந்தா இன்னா?" என்றேன்.

"உள்ள இருக்கிறது நாம ஆட்டினது, நைனா" என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் உப்பியிருந்த காற்றைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து வெளியேற்றினாள்.