மயிலிட்டிப் பாடகனின் ‘ஓம்’

எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு பாடகனை நான் மேடையிலிருந்து இறக்கினேன். அப்போது நான் தமிழாசிரியர். விழாக் குழுச் செயலாளரும்கூட.

ராசன் மயிலிட்டி என்ற மீன்பிடி ஊர் இளைஞன். பக்திப் பாட்டு, பைலா, சினிமாப் பாட்டு எல்லாவற்றையும் அன்று ஒரே தொண்டையில் பாடினான். கடைசியாகத் தானே அமைத்த ரொக் பாட்டைத் தொடங்கினான். கிற்றார் அலற, “ஓம்... ஓம்...” என்று திரும்பத் திரும்பக் கத்தினான்.

நான் பாய்ந்தேறி மைக்கைப் பறித்தேன்.

“சாமிக்கு முன்னாலை மந்திரத்தைப் பகிடி பண்ணுறியோடா?”

“ஐயோ மாஸ்டர், அது மந்திரமில்லை. வள்ளம் கவிண்ட அண்டைக்கு அப்பா தண்ணிக்கை இருந்து என்னைக் கூப்பிட்டவர். நான் கரையிலை நிண்டு ‘ஓம், ஓம்’ எண்டு கத்தினனான். அவருக்குக் கேக்கேல்லை. அதைத்தான் பாடுறன். முடிக்க விடுங்கோ.”

யாழ்ப்பாணத்தில் யாராவது கூப்பிட்டால் ‘ஆமாம்’ என்பதற்கு நாங்கள் நாள் முழுக்கச் சொல்லும் ‘ஓம்’தான் அது. எனக்கு விளங்கிவிட்டது.

“பாட விடுங்கோவன், மாஸ்டர்!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது.

“ஓம், ஓம். இப்ப இறங்கு,” என்றேன்.

அதன்பின் எந்தக் கோயிலும் அவனை அழைக்கவில்லை. பாடுவதையே விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

காது பிழைவிடலாம். சரியாகக் கேட்ட பிறகும் மைக்கை இறுக்கிப் பிடித்திருந்ததை நினைத்தால்தான் இந்த வயதிலும் எனக்குக் கூசுகிறது.