நத்தம் ரோட்டுச் சுமைதாங்கி

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். எனக்கு வருத்தமில்லை. பால்காரன் அளந்து ஊற்றிய பாலை மறுபடி அளந்து பார்க்கிறவன் இந்த சேக் பரீது. அப்படிப்பட்டவன் கண்ணெதிரே, பட்டப்பகலில் நடந்தது இது.

1957, பங்குனி மாதம். நாகல் நகரில் எனக்குப் போட்டோ ஸ்டூடியோ. சிநேகிதன் அருள்நாதன் பூட்டு வியாபாரி, பழைய ஆஸ்டின் கார் வைத்திருந்தான். கடைக்கு லீவு விட்டால் அதில் ஏறிக்கொண்டு இருவரும் சுற்றுவோம். மஞ்சள் பூசிக் கும்பிடுகிற மைல் கல், கன்று ஈன்ற மாடுகளின் நஞ்சுக்கொடியை மூட்டை மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்ட ஆலமரம் என்று சாலையோரத்தில் கண்ட விநோதங்களையெல்லாம் படம் பிடிப்பேன். மதராஸ் பத்திரிகை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அருளின் மனைவி ஜெயமேரியும் காரில் இருந்தாள். எட்டு மாதம். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இதுவாவது தங்க வேண்டுமே என்று அவள் ஏற்றாத மெழுகுவர்த்தி இல்லை. சாணார்பட்டியைத் தாண்டித் தாய்வீட்டில் அவளைக் கொண்டுபோய் விடத்தான் கிளம்பினோம்.

நத்தம் ரோட்டில் ஒரு சுமைதாங்கி கண்ணில் பட்டது. புதிதாக நட்ட கல். இரண்டு தூண், மேலே ஒரு பலகைக் கல். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக நடுவது. வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்தால் அவள் பாரம் குறையுமாம்.

நான் எதைப் படம் எடுத்தாலும் அளவு தெரிய ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்துவேன். காரைத் தள்ளி நிறுத்த அருள் போயிருந்தான். "தங்கச்சி, செத்த வந்து நில்லு" என்றேன்.

ஜெயமேரி தயங்கினாள். அருள்தான் காரிலிருந்து கத்தினான்.

"நம்ம வேதத்துல இதெல்லாம் கெடையாது. போய் நில்லு மேரி."

நின்றாள். மணி சரியாகப் பன்னிரண்டு. நான் கேமராவுக்குள் குனிந்தேன்.

கண்ணாடியில் இரண்டு பெண்கள் தெரிந்தார்கள்.

நிமிர்ந்தேன். ஆமாம், இன்னொருத்தி நிற்கிறாள். அவளும் பிள்ளைத்தாச்சி, வயிறு முன்னால் தள்ளியிருந்தது. எங்கேயிருந்து வந்தாள்? நாலு பக்கமும் உழுது போட்ட வெறுங்காடு. ஒரு மரம் கிடையாது. அந்த வெயிலில் அவள் முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. காலில் புழுதி இல்லை.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஓசியில் படம் பிடித்துக்கொள்ள வந்துவிட்டாள்!

"ஏம்மா, தள்ளு!"

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெயமேரியின் காதருகே குனிந்து ஏதோ கேட்டாள். ஜெயமேரி தலையாட்டினாள்.

இது களவாணிக் கூட்டம். இவள் பேச்சுக் கொடுப்பாள், இன்னொருத்தன் காரில் கை வைப்பான். ஓடிப்போய்ப் பார்த்தேன். அருள் காருக்குப் பக்கத்திலேயே நின்றான், லென்ஸ் பை அப்படியே இருந்தது.

திரும்பினேன்.

அவள் காட்டுக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். விறுவிறுவென்று... கையை வீசிக்கொண்டு...

பக்கவாட்டில் பார்த்தேன்.

வயிறு ஒட்டியிருந்தது.

அப்போ இவ்வளவு நேரம் சேலைக்குள் எதை மறைத்து வைத்திருந்தாள்? "பிடிடா அவள!" என்று வரப்பில் ஏறினேன்.

காட்டில் யாருமில்லை.

"அண்ணே..." ஜெயமேரியின் குரல். "போயிருவோம்ணே. கனமா இருக்கு."

படம் எடுக்காமலே கிளம்பினோம். காரில் அருள் கேட்டான். "அவ என்ன கேட்டா?"

"இத வச்சுக்கிறியா தாயின்னு கேட்டா. அவ கையில ஒண்ணுமே இல்ல. பாவமா இருந்துச்சு. சரின்னேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "புள்ள அசையலைங்க..." என்றாள்.

அருள் காரை விரட்டினான். யா அல்லாஹ், இந்தப் பிள்ளையும் போய்விடக் கூடாது...

சாணார்பட்டி வந்தது.

தாண்டினோம்.

"அசையுது!" என்று அழுதாள். அப்புறம் குழம்பிப்போய்ச் சொன்னாள். "ரெண்டு பக்கமும் ஒதைக்குதுங்க."

அடுத்த மாதம் பிள்ளை பிறந்தது. ஒன்றல்ல, இரண்டு. முதலில் பெண், பிறகு பையன். ஆஸ்பத்திரியில் பார்த்தபோதெல்லாம் ஒரே பிள்ளை என்றுதான் சொல்லியிருந்தார்கள். அருள் ஊருக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தான். பெண் அவனை உரித்து வைத்திருந்தது. பையன் யார் ஜாடை என்று யாருக்கும் தெரியவில்லை. முப்பாட்டன் ஜாடையாக இருக்கும் என்றார்கள்.

1964-ல் அதுகள் சர்ச்சில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கின. அந்தப் படத்தைக் கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஒருநாள் படம் எடுத்துக்கொள்ள ஒரு மாட்டு வியாபாரி வந்தார். பெயர் தங்கமுத்து. நாற்காலியில் உட்கார வைத்து, விளக்கைப் போட்டு, கேமராவுக்குள் குனிந்தேன்.

அருளின் பையனுடைய முகம்.

அதே நெற்றி. அதே மேலேறிய புருவம். மடங்கிய இடது காதுகூட அதேதான். முகத்தைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான், இதில் தப்பு வராது.

"பிள்ளைக எத்தன பேருங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல பாய். எம் பொஞ்சாதி பெருமாயி எட்டு மாசப் புள்ளையோட போயிட்டா. நத்தம் ரோட்டுல கல்லு நட்டேன். அப்புறம் கட்டிக்கல."

எழுந்து வெளியே போனவர், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். நகரவேயில்லை.

"பாய், இந்தப் பய படம் எனக்கு ஒண்ணு போட்டுத் தாரீங்களா? ஏன்னு தெரியல... பாத்தா நெஞ்ச அடைக்குது."

முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டு, படத்தைக் கழற்றி உள்ளே வைத்தேன். அருளிடமும் ஜெயமேரியிடமும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.