மழை கேட்காத வீடு

எங்கள் வீட்டுக்கு சீலிங் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கொடைக்கானலில் அப்போதெல்லாம் சீலிங் என்றால் பங்களாக்காரர்களுக்குத்தான். மிஷன் பள்ளிக்கூடத்து பஸ் ஓட்டிய எங்கள் அப்பா, வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய பியானோவின் பெட்டிப் பலகைகளைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்துவிட்டார். பியானோ பள்ளிக்கூடத்துக்கு, பெட்டி எங்களுக்கு! இதில் யாருக்கு லாபம் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் எங்களுக்குத்தான் என்று சொல்லியிருப்பேன்.

நாங்கள் இருந்தது தகரம் போட்ட லைன் வீடு. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரை வரை போகாது, மேலே திறந்தே கிடக்கும். அந்தப் பக்கம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய சித்தியும் அவளுடைய கைக்குழந்தையும் இருந்தார்கள். சொந்தச் சித்தி இல்லை, சுவர் தந்த சித்தி. சித்தப்பா கூக்கால் பக்கம் மரம் வெட்டப் போனால் சனிக்கிழமைதான் வருவார். அவள் கடுகு தாளித்தால் நாங்கள் தும்முவோம்; நாங்கள் தும்மினால் அங்கிருந்து “நூறு!” என்று வாழ்த்து வரும். தீப்பெட்டியும் உப்புப் பொட்டலமும் கொய்யாப் பழமும் சுவரைத் தாண்டிப் பறக்கும். அவள் “அக்கா!” என்று ஒரு குரல் விட்டால் போதும், அடுப்பில் என்ன இருந்தாலும் அம்மா “என்னடி?” என்பாள்.

ஆனால் அதே வழியாகக் குளிரும் வருமே! ஐப்பசி மழையில் மூடுபனி எங்கள் வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி உலாவும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சுவரின் தலையோடு தலையாகப் பலகைகளை அடித்து, இண்டு இடுக்கு இல்லாமல் மூடிவிட்டார். அடடா, என்ன கதகதப்பு! பலகை முழுக்கக் கறுப்பு மையில் பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்துக்கள். படுத்துக்கொண்டே படிக்கலாம். நானும் தம்பியும் கூச்சல் போட்டுக் குதித்தோம். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் தடதடவென்று அடிக்கும் அந்தச் சத்தம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது.

“ஏலே, மழை பெய்யுதான்னு வெளிய போய்ப் பாத்துட்டு வா! உள்ள ஒண்ணும் கேக்கலைல்ல?” என்று அப்பா தம்பியை விரட்டினார். அம்மாகூட வாய்விட்டுச் சிரித்தாள்.

தம்பி கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டான். வாசலில் சித்தி. தொப்பலாக நனைந்திருந்தாள். கையில் குழந்தை விறைத்து, கண் மேலே செருகிக் கிடந்தது. காய்ச்சல் முற்றி வலிப்பு வந்திருக்கிறது.

அம்மா பாய்ந்து குழந்தையை வாங்கினாள். “ஏண்டி பாவி, ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?”

“கூப்பிட்டேங்கக்கா. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பிள்ளையைத் தூக்கவும் பயம், விடவும் பயம். நீங்க எல்லாரும் சிரிக்கிறது மட்டும் கேட்டிச்சு.”

அப்பா பள்ளிக்கூட பஸ்ஸையே எடுத்துவிட்டார். யாரிடம் கேட்டார், யார் சாவி கொடுத்தார்கள், கடவுளுக்கே வெளிச்சம். அத்தனை பெரிய பஸ்ஸில் அத்தனூண்டு குழந்தை! நாங்களும் தொற்றிக்கொண்டோம். மூடுபனிக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே வளைவுகளில் இறங்கினோம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் குழந்தை வீல் என்று அழுததே, அதைப்போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. தம்பி கைதட்டி நர்சம்மாவிடம் திட்டு வாங்கினான்.

வீடு திரும்பியதும் அம்மா சேலையைக்கூட மாற்றவில்லை. “சுவரோரப் பலகையைக் கழட்டுங்க.”

“குளிரு எறங்கும்டி.”

“எறங்கட்டும்.”

அப்பா முணுமுணுத்துக்கொண்டே ஆணியைப் பிடுங்கினார். அழகான சீலிங் பொக்கை வாயாகிவிட்டதே என்று நான் ஓவென்று அழுதேன். அம்மா அண்ணாந்து குரல் கொடுத்தாள்: “ஏடி, தொறந்தாச்சு! கேக்குதா?”

“கேக்குதுங்க” என்று மெல்லப் பதில் வந்தது.

குழந்தை தேறிவிட்டது. தவழ ஆரம்பித்து எங்கள் வீட்டு வாசல்வரைகூட வந்தது. ஆனால் சித்தி அதற்குப் பிறகு சுவருக்கு மேலே கூப்பிடவே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு வருவாள். கதவு திறந்திருந்தாலும் வெளியிலேயே நின்று, “உள்ளுக்கு வரலாங்களா? கொஞ்சம் சீனி இருந்தா தாங்க” என்பாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்புக்குள் அனுமதி கேட்டு நுழைய வேண்டும் என்று எங்கள் டீச்சர் பிரம்பால் அடித்தல்லவா சொல்லிக்கொடுத்தார்! சித்தி தானாகவே கற்றுக்கொண்டுவிட்டாள். அவள் போனதும் துள்ளிக்கொண்டு ஓடி, “அம்மா, சித்திக்கு எவ்வளவு நல்ல பழக்கம் வந்துருச்சு, பாத்தியா!” என்றேன்.

அம்மா முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு விசும்பினாள். பக்கத்து வீட்டுக்காரி நல்ல பழக்கம் கற்றுக்கொண்டதற்கு யாராவது அழுவார்களா என்று நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.